ரிம்முக்குள் ஒரு வரி

ஏரிக்கரைச் சாலை, மிச்சிகன்
1996 மார்ச் 3

தம்பி ரெய்னோவுக்கு,

நான் நலம். குளிருக்கு முழங்கால் மட்டும் முனகுகிறது. அரிசோனா வெயிலில் நீ எப்படி இருக்கிறாய்? உன் மனைவி சிக்னே போய் ஆறு வருடம் ஆகிறது. ஏதாவது சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

இதை எழுதுவது நான்தான். தபால்காரர் வெஸ் இல்லை. நூலகத்தில் வாரம் இரண்டு மாலை பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. அக்டோபரில் சேர்ந்தேன். டீச்சர் பெர்லுக்கு என் வயதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. சூயிங்கம் மென்றுகொண்டே என்னை மிரட்டுகிறாள். இந்த ஒரு கடிதத்துக்கு எனக்கு ஐந்து நாள் ஆகிறது. ஐந்து நாளும் என் வீட்டில் விசேஷம் நடப்பது போல இருக்கிறது.

முப்பது வருடமாக உன் கடிதங்களை வெஸ்தான் வாசலில் நின்று படித்துச் சொன்னார். சில இடங்களில் நிறுத்தி இருமுவார். மனிதருக்கு நெஞ்சில் சளி என்று நினைத்து வெங்காயக் கஷாயமெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, நீ டைப்ரைட்டரில் அடிக்கிறவன். போன மாதம் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். எங்கெங்கே இருமினார் என்று இப்போது தெரிகிறது. "மரமண்டை" என்று மட்டும் பதினேழு இடத்தில் இருக்கிறது. உனக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

இனி விஷயம். சைக்கிளின் பின்சக்கர நடுவில் இருக்கும் ஹப் போய்விட்டது. மேட்டுப் பனியில் பெடலைப் பின்னால் மிதித்துப் பிரேக் பிடித்தேன், படாரென்றது. கம்பிகளைப் பிடித்திருக்கும் வட்டு, ஹப்பின் காது, பாதி பிளந்துவிட்டது. ரிம் இரும்பாக நிற்கிறது.

ஊர் நான்கு மைல். கார் லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வு உண்டு என்பதால் நான் கார் பக்கமே போனதில்லை. சைக்கிள் இல்லாவிட்டால் எனக்குக் கடை இல்லை, வகுப்பு இல்லை, இந்த வீட்டில் இருப்பும் இல்லை. உனக்கு இது தித்திக்கும். அப்பா இருவர் பெயரிலும் விட்டுப்போன வீட்டைச் சிகாகோ பல் டாக்டருக்குக் கோடைக் குடிசையாக விற்று, என்னை முதியோர் விடுதியில் கொண்டுபோய்ப் போட இதைவிட நல்ல சாக்கு உனக்குக் கிடைக்காது.

கொஞ்சம் பொறு. பழைய ரிம்மில் புது ஹப் வைத்துச் சக்கரத்தை நானே கட்டப்போகிறேன். நூலகத்தில் அதற்கொரு புத்தகம் இருக்கிறது.

உன்னைப் பற்றிக் கவலைப்படும்,
ஆர்வோ


டூசான், அரிசோனா
மார்ச் 14

அண்ணன் ஆர்வோவுக்கு,

நான் நலம். உன் முழங்காலுக்கு என் அனுதாபம்.

உன் கடிதத்தை முதலில் எதிர்வீட்டுக் குழந்தை தவறுதலாக என் பெட்டியில் போட்டுவிட்டது என்று நினைத்தேன். எழுதக் கற்றது நல்லதுதான். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்த உடனே சக்கரம் கட்டலாம் என்று உனக்கு யார் சொன்னது?

டூலூத்தில் முப்பது வருடம் சைக்கிள் கடை நடத்தியவன் நான். முப்பத்தாறு கம்பி, அண்ணா. ஒன்றை முறுக்கினால் இன்னொன்று கோணும். அதைச் சரிசெய்தால் எதிர்ப்பக்கம் கோணும். என் கை அதற்குப் பழக எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா? நீ சுரங்கத்தில் மண் அள்ளியவன். அந்தச் சக்கரம் 1958இல் நான் என் கையால் கட்டி உனக்கு அனுப்பியது. இத்தனை வருடத்தில் ஒரு கம்பி அறுந்திருக்கிறதா? உன் வீட்டில் ஒழுங்கான பொருள் என்று ஒன்று இருந்தால் அது அதுதான். அதுவும் நான் செய்தது. இப்போது ஹப் போய்விட்டது, ஆயுள் முடிந்துவிட்டது. தூக்கிப் போடு.

சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன். பல் டாக்டர் ஜூன் இருபதாம் தேதி வீட்டைப் பார்க்க வருகிறார். அதற்குள் நீயே கட்டிய சக்கரத்தில் ஊருக்குப் போய்த் திரும்பு. வெஸ் பார்த்ததாகச் சொல்லட்டும். உன் ஆயுள் உள்ளவரை வீட்டைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். முடியாவிட்டால் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. அதுதான் இப்போது உனக்குப் போடத் தெரியுமே.

குளிரில் வெளியே அலையாதே.

ரெய்னோ


ஏரிக்கரைச் சாலை
மார்ச் 29

தம்பிக்கு,

கால் வலி குறைந்திருக்கிறது. மாட்டிறைச்சியும் கிழங்கும் வைத்த பாஸ்டி சுட்டுச் சாப்பிட்டேன், உடம்பு தேறிவிட்டது. உன் நிபந்தனைக்குச் சம்மதம். கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். படித்துக் காட்டச் சொன்னால் நானே படித்துக் காட்டுவேன்.

வெஸ்ஸின் வண்டியில் ஏறி ஒட்டோவின் இரும்புக்கடைக்குப் போய் ஹப் சொல்லிவைத்தேன். கடையில் நான்கு பேர் இருந்தார்கள்.

"என்ன பெருசு, யாரு கட்டப்போறா?" என்றான் ஒட்டோ.

"நான்தான்."

"நீயா? புஸ்தகத்தைத் தலைகீழாப் புடிச்சுட்டுக் கட்டிடாத."

"மொதல்ல அந்தச் சுவத்துப் பலகையப் பாரு. போன வருஷக் கிறிஸ்துமஸ் தள்ளுபடி இன்னும் ஓடுதுன்னு போட்டிருக்கு. குடுப்பியா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். ஒட்டோ பலகையைக் கழற்றினான். ரெய்னோ, படிக்கத் தெரிவதில் இப்படி ஒரு சுகம் இருப்பதை இத்தனை நாள் எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

புது ஹப் வந்துவிட்டது. மூன்று கியர், பின்னால் மிதித்தால் பிரேக். பழையதைவிடத் தடி, சூப் டின் மாதிரி இருக்கிறது. நீ பெரிய கைகாரன் ஆயிற்றே, கம்பி என்ன நீளம் வாங்கவேண்டும் என்று எழுது.

இன்னொன்று. டயரைக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த ரப்பர் பட்டையை உரித்தால், ரிம்மில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறது. சக்கரம் கட்டுகிறவர்கள் பெயரையும் தேதியையும் பட்டைக்கு அடியில் எழுதி வைப்பது வழக்கம் என்று புத்தகம் சொல்கிறது. உன் பெயராகத்தான் இருக்கும். ஆனால் உன் பெயர் இவ்வளவு நீளம் இல்லை. எழுத்தோடு எழுத்தைக் கோர்த்த கூட்டெழுத்தாக இருப்பதால் எனக்குப் புரியவில்லை, நான் இன்னும் அச்செழுத்தில்தான் இருக்கிறேன். வகுப்பில் மே மாதம் கூட்டெழுத்து. யாரிடமும் காட்டமாட்டேன், நானே படிப்பேன். நான் முதன்முதலில் படிக்கும் கூட்டெழுத்து உன் தற்பெருமையாக இருக்கப்போகிறதே என்பதுதான் வருத்தம்.

ஆர்வோ


டூசான்
ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். நலம்தானே?

கம்பிக்கு, பழைய கம்பியை அளந்து அதே நீளம் வாங்கு. இதையெல்லாம் ஒருவன் கேட்பானா?

அந்தப் பென்சில் கிறுக்கல் ரிம் செய்த தொழிற்சாலைக்காரன் போட்ட குறி. எண்ணும் எழுத்துமாக ஏதோ இருக்கும். பென்சில் கரி இருக்கும் இடத்தில் துரு பிடிக்கும். இரும்பு நாரை எடுத்து நன்றாக அழுத்தித் தேய்த்துவிடு. தள்ளிப்போடாதே. துரு உள்ளே இறங்கிவிட்டால் ரிம்மே போய்விடும்.

உன் டீச்சருக்குத் தொல்லை கொடுக்காதே. அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

ரெய்னோ


ஏரிக்கரைச் சாலை
ஏப்ரல் 21

தம்பிக்கு,

நலமா? ஏரியில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்துவிட்டது. நான் நலம். உன் புத்திதான் நலமாக இல்லை.

நீ சொன்னபடி பழைய நீளத்துக்கே கம்பி வாங்கினேன். நான்கு நாள் உட்கார்ந்து கோர்த்தேன். காற்றடிக்கும் ஓட்டை இரண்டு கம்பி சேரும் இடத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டது, பம்பின் வாய் நுழையவில்லை. அது என் தப்பு. எல்லாவற்றையும் உருவிப்போட்டு மறுபடி கோர்த்தேன். கம்பி நுனியைப் பிடிக்கும் நிப்பிள்களை முறுக்கினேன். முறுக்க முறுக்கக் கம்பி நுனி ரிம்முக்குள் கால் அங்குலம் துருத்திக்கொண்டு வந்தது, முப்பத்தாறும். முள்ளம்பன்றிக்குட்டியை மடியில் வைத்திருப்பது போல வைத்திருந்தேன். ட்யூபைப் போட்டிருந்தால் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் கிழிந்திருக்கும்.

புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம் முழுதும் அதுதான் இருக்கிறது. ஹப்பின் காது பெரிதானால் கம்பி சிறிதாகவேண்டும். புது ஹப் வைப்பவன் முதலில் பார்க்கவேண்டியதே இதுதானாம். ஒட்டோவிடம் போய்ச் சொன்னேன்.

"இந்த அளவ யாரு சொன்னா ஒனக்கு?"

"என் தம்பி."

"சைக்கிள் கடக்காரனா? அட போய்யா. ஒரு சக்கரம் கட்டுனவன்கூட இதச் சொல்லமாட்டானே."

"அவனுக்கு அரிசோனா வெயிலு" என்று சொல்லி வைத்தேன். உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், கவனித்துக்கொள்.

சின்னக் கம்பி சொல்லிவைத்திருக்கிறேன். பென்சில் வரியைத் தேய்க்கவில்லை. பென்சிலால் துரு பிடிக்கும் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. நான் அட்டை முதல் அட்டை வரை பார்த்துவிட்டேன்.

ஆர்வோ


டூசான்
ஏப்ரல் 26

அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

யோசித்துப் பார்த்தேன். உன்னை வாட்டுவது எனக்கு அழகில்லை. முழுதாகக் கட்டிய புதுச் சக்கரம் ஒன்றைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். மே முதல் வாரம் வரும். மாட்டிக்கொண்டு ஓட்டு. பந்தயத்தில் நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். பல் டாக்டருக்கு நான் சொல்லிவிடுகிறேன். வீடு உன்னுடையது.

பழைய ரிம்மை மட்டும் அட்டைப்பெட்டியில் வைத்து வெஸ்ஸிடம் கொடு. என் கையால் செய்தது, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன். மே மாத வகுப்பு தொடங்குவதற்கு முன் அனுப்பினால் நல்லது. அதன் பிறகு உனக்கு நேரம் இருக்காது.

ரெய்னோ


ஏரிக்கரைச் சாலை
மே 19

தம்பி ரெய்னோவுக்கு,

உன் உடம்பு நலமாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை, வெஸ்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன்யா, நல்ல சக்கரம் மாதிரி இருக்கே" என்றார். "வீட்டையே சேத்துத் தர்றான், வெஸ். என் தம்பி எதையும் சும்மா தர்றவன் இல்ல" என்றேன். இரண்டு நாள் தூக்கம் இல்லாமல் இருந்தது உண்மை. வாங்கிக்கொண்டால் வீடு அன்றைக்கே என்னுடையது. ஆனால் சாகும்வரை இந்த வீட்டில் நான் உன் தயவில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு விடுதியின் கஞ்சியே மேல்.

கூட்டெழுத்து வகுப்பு ஏழாம் தேதி தொடங்கியது. நேற்று ரிம்மை ஜன்னல் பக்கம் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. எட்டு சொற்கள். படித்தது சரிதானா என்று மூன்று முறை பார்த்தேன். அப்படியே எழுதுகிறேன்:

சிக்னே கட்டியது. 1958 மே 3. ரெய்னோ காப்பி போட்டான்.

ரெய்னோ, நான் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த காகம் பறந்துவிட்டது.

முப்பத்திரண்டு கிறிஸ்துமஸ். மேசையில் நீ அந்தச் சக்கரத்தைப் பற்றி ஆரம்பித்தால் சிக்னே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். புருஷனின் பெருமையைக் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். பாவம், சிரிப்பை அடக்கப் போயிருக்கிறாள். அவள் விரல்கள் மடங்காமல் போன அதே வருடம்தானே நீ "கை ஓய்ந்துவிட்டது" என்று சொல்லிக் கடையை மூடினாய்? யாருடைய கை?

இந்த வரி உள்ளே இருப்பது தெரிந்துதான் நீ சக்கரத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாய். படிக்கத் தெரியாத ஒருவனிடம் இருப்பதைவிடப் பத்திரமான இடம் ஏது? என்னை மரமண்டை என்று பதினேழு இடத்தில் எழுதினாய். நானாவது படிக்கத் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. இங்கே உன்னைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பந்தயம் பந்தயமாகவே இருக்கட்டும்.

ஆர்வோ


ஏரிக்கரைச் சாலை
ஜூன் 16

தம்பிக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இருக்கிறாயா? செத்துவிட்டிருந்தால் அதையாவது தெரிவி.

சக்கரம் முடிந்தது. கோர்ப்பதற்கு இரண்டு நாள், கோட்டம் எடுக்க ஒன்பது நாள். நீ சொன்ன ஒன்று மட்டும் உண்மை. ஒன்றை முறுக்கினால் இன்னொன்று கோணுகிறது. சிக்னே சொல்லக் கேட்டிருப்பாய். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சட்டத்தில் ஒரு பென்சிலைக் கட்டி, ரிம் உரசும் இடத்தில் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கினேன். எட்டாம் நாள் ஆத்திரத்தில் அரைச் சுற்று முறுக்கிவிட்டேன். ரிம் எட்டு வடிவத்துக்கு வளைந்துகொண்டது. நிப்பிள் முறுக்கும் சாவியைத் தோட்டத்தில் விட்டெறிந்தேன். சவுனா நீராவி அறையில் போய் வெந்துவிட்டு வந்து, புல்லுக்குள் தேடி எடுத்து, எல்லாவற்றையும் தளர்த்தி, முதலிலிருந்து தொடங்கினேன். மறுநாள் மாலை சக்கரம் சுற்றியது. பென்சிலில் உரசவே இல்லை. நான் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை.

நேற்று ஊருக்குப் போய்த் திரும்பினேன். எட்டு மைல். வெஸ் பின்னாலேயே வண்டியில் வந்தார். ஒட்டோ கடைக்கு வெளியே வந்து குனிந்து பார்த்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான். கம்பிகளை இரண்டிரண்டாகக் கிள்ளிப் பார்த்தான்.

"எவன் கட்டுனான்?"

"எதிர்ல நிக்கறேனே, தெரியல?"

"பொய் சொல்லாத பெருசு. இது படிச்சவன் கை."

"ஆமாடா, படிச்சவன்தான்" என்றேன்.

பல் டாக்டர் வியாழக்கிழமை வருகிறார். என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. வெஸ் சாட்சிக் கடிதம் தனியாக அனுப்பியிருக்கிறார். அதில் இருமல் இல்லை.

ஆர்வோ


டூசான்
ஜூன் 22

அண்ணா,

டைப்ரைட்டரை மூடிவிட்டேன். கையாலேயே எழுதுகிறேன். உன்னால் படிக்க முடியும்.

சாகவில்லை. பல் டாக்டருக்கு வீடு விற்பனைக்கு இல்லை என்று பதினெட்டாம் தேதி போன் செய்து சொன்னேன். திட்டினார். அவரிடம் வாங்கிய திட்டைவிட உன்னிடம் வாங்கியது அதிகம். வக்கீல் மூலம் என் பாதியை உன் பெயருக்கு மாற்ற எழுதியிருக்கிறேன். தயவு அல்ல. நீ ஜெயித்தாய். அதைச் சொல்வதற்கு எனக்குப் பல் கூசுகிறது, ஆனால் ஜெயித்தாய்.

அந்தச் சக்கரம் மட்டும் இல்லை. கடையில் இருந்து போன எல்லாச் சக்கரமும் அவள் கட்டியதுதான். பொம்பளை கட்டிய சக்கரத்தை நம்பி யார் மலையிறங்குவான் என்று அவளே சொன்னாள், நீ கட்டினதாகச் சொல்லு என்றாள். முதலில் அவள் சொல்லச் சொல்லிச் சொன்னேன். அப்புறம் யாரும் சொல்லாமலே சொன்னேன். கடைசியில் அவள் இருக்கும்போதே அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் மறுக்கவில்லை. அதுதான் இப்போது என்னைப் பிடுங்குகிறது.

ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் அவள் தன் பெயரை எழுதுவாள். தேதி எழுதுவாள். அவ்வளவுதான். என் பெயரையும் சேர்த்து எழுதியது உனக்கு அனுப்பிய அந்த ஒன்றில்தான். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஆறு வாரம். அதைத்தான் உன்னைத் தேய்க்கச் சொன்னேன்.

நீ தேய்க்கவில்லை அல்லவா? எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறதா? "ரெய்னோ" என்பதை எப்படி எழுதியிருக்கிறாள்? சாய்வாகவா, நேராகவா? எனக்கு மறந்துவிட்டது.

ரெய்னோ


ஏரிக்கரைச் சாலை
ஜூலை 1

ரெய்னோவுக்கு,

உன் கடிதத்தைப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று. இவ்வளவு அசிங்கமான கையெழுத்தை வைத்துக்கொண்டு என் எழுத்தைக் குழந்தை எழுத்து என்றாயா? டீச்சர் பெர்லிடம் உன்னைச் சேர்க்கலாம். நான் சிபாரிசு செய்கிறேன். நாங்கள் இருவரும் நலம். நானும் சக்கரமும்.

வக்கீல் கடிதம் வந்தது. நானே படித்தேன், நானே கையெழுத்துப் போட்டேன்.

வரி அழியவில்லை. சாய்வா நேரா என்பதை எழுதி அனுப்பப்போவதில்லை. டயரைக் கழற்றிப் பார்த்து உனக்குச் சேதி சொல்ல நான் உன் வேலைக்காரன் இல்லை. தினமும் ஓடுகிற சக்கரம், எனக்கு வகுப்பு இருக்கிறது.

ஆகஸ்டில் வா. மாடி அறை காலியாக இருக்கிறது, கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். சைக்கிளைக் கொட்டகையில் கவிழ்த்து வைத்துத் தருகிறேன், நீயே கழற்றிப் பார். டயர் கழற்றவாவது தெரியுமா உனக்கு? தெரியாவிட்டால் வெட்கப்படாதே. புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கம். நீ செய், நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.

ஆர்வோ